மஞ்சள் டிராயர்

அந்தக் குழந்தைகள் பரிசோதனை மையத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பெயர் அட்டை உண்டு. அவளுக்கும் உண்டு, ஆனால் அதை யாரும் படித்ததில்லை. எல்லோரும் பார்த்தது அவள் தோளில் தொங்கிய பையைத்தான். கெட்டித் துணியில் தைத்த, வாய் அகன்ற பை. உள்ளே பத்து மரக்கட்டைகள், ஒரு சின்னப் பந்து, கயிற்றில் கோக்கிற பெரிய மணிகள், ஒரு கண் கழன்றுபோன பொம்மை, பொத்தான் தைத்த ஒரு துணிப்பட்டை, ஓரம் கிழிந்த படப்புத்தகம், நான்கு நிறத்தில் தாள்கள். பிள்ளைகள் அவளைப் 'பையக்கா' என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றவர்கள் கூப்பிட்டார்கள். கடைசியில் டாக்டரம்மாவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததும் சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயர் எல்லோருக்கும் மறந்து போயிற்று. ஒரு நாள் தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, "அப்படி இங்க யாரும் இல்லீங்களே" என்று அவளே சொல்லிவிட்டு, அவர் படியிறங்கிப் போன பிறகு கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள்.

அவள் அங்கே நுழைந்தது பையோடு இல்லை, துடைப்பத்தோடு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தாழ்வாரம் கூட்டுகிற வேலை. ஒரு நாள் காலை டாக்டரம்மாவின் அறையில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று மேசைக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. அப்பா கெஞ்சினார், அம்மா மிரட்டினாள், டாக்டரம்மா மண்டி போட்டு உட்கார்ந்து மிட்டாய் காட்டினார். பிள்ளை அசையவில்லை. மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் கீழே கிடந்த மரக்கட்டையை, பிள்ளையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், மேசைக்கு அடியில் தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டை திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். அதுவும் வந்தது. ஆறாவது தடவை கட்டையோடு பிள்ளையும் வந்தது.

"நாளைலேர்ந்து அந்தத் துடைப்பத்த வேற யார்கிட்டயாவது குடுத்துடு" என்றார் டாக்டரம்மா.

வேலை போயிற்று என்று நினைத்து அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவள் சாப்பிடவில்லை. பிறகுதான் பயிற்சி வகுப்புக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்தது. முதல் தடவை பரீட்சையில் தோற்றாள், இரண்டாம் தடவை பிழைத்தாள்.

அவள் வேலை என்ன என்று கேட்டால், "சலிக்கிறது" என்பாள். "நோய்க்குப் பேரு வைக்கிறது டாக்டரம்மா. எந்தப் பிள்ளைய இன்னும் கொஞ்சம் உன்னிப்பாப் பாக்கணும்னு பிரிச்சு விடறதோட என் வேலை முடிஞ்சது. நான் சல்லடைதான்."

சல்லடைக்கு நான்கு தாள். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா என்று கேட்கிற நீலத் தாள் ஆட்டிசத்துக்கு. ஓரிடத்தில் இருக்க முடியாத, கவனம் நிற்காத பிள்ளைகளுக்கு மஞ்சள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திண்டாடுகிறவர்களுக்குப் பச்சை. கையும் காலும் சொன்னபடி கேட்காமல் தடுமாறுகிறவர்களுக்கு ரோஸ். ஒவ்வொரு தாளிலும் அடியில் ஒரு கோடு. மதிப்பெண் அந்தக் கோட்டைத் தாண்டினால் பிள்ளை அந்தந்தப் பிரிவுக்குப் போகும்.

இதில் ஒரு விதி இருந்தது. ஒரு தாளில் கோட்டைத் தாண்டிவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மீதித் தாள்களைப் பிரித்து அடுத்த பிள்ளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வரிசை வெளிக்கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனபோது டாக்டரம்மா போட்ட விதி அது. அப்போது அதில் தப்பில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஒரு வாசல் சீக்கிரம் திறந்தால் போதும், மற்றதை உள்ளே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். உள்ளே இருந்தவர்களோ, மற்றதை வெளியிலேயே பார்த்திருப்பார்கள் என்று நினைத்தார்கள்.

அப்புறம் அந்த இரும்பு அலமாரி வந்தது. நான்கு டிராயர், நான்கு நிறத்தில் தகடு. அதற்குக் காவலாக ரெக்கார்டு அறையில் ஒருவர் வந்தார். அவரை எல்லோரும் 'டிராயரண்ணன்' என்றார்கள். மனிதர் தங்கம், ஆனால் உரசிப் பார்க்க விடமாட்டார். ஒரு பிள்ளைக்கு ஒரு ஃபைல், ஒரு ஃபைலுக்கு ஒரு டிராயர் என்பது அவருடைய சட்டம். நாளடைவில் மையத்தில் எல்லோரும் பேசுகிற பேச்சே அப்படி ஆகிவிட்டது. "அது மஞ்சப் பிள்ளை", "இது நீலப் பிள்ளைன்னு அனுப்பிட்டாங்க" என்று. ஒரே பிள்ளை மஞ்சளும் ரோஸுமாக இருக்கலாம், நீலமும் பச்சையுமாக இருக்கலாம், ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்றும் கூட வருவதுதான் பாதிப் பிள்ளைகளுக்கு வழக்கம் என்று பயிற்சி வகுப்பில் படித்தவள்தான் பையக்காவும். ஆனால் இரும்பு அலமாரி சொல்கிறபோது புத்தகம் எங்கே எடுபடும்?

அது ஒரு திங்கட்கிழமை.

தையல் கடை வைத்திருக்கிற ஒரு அம்மா, எட்டு முடிந்து ஒன்பது நடக்கிற தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மஞ்சள் பிள்ளை. வருஷம் ஒன்றாக மாத்திரை சாப்பிடுகிறாள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடை பார்க்க வர வேண்டும். நின்ற இடத்தில் நிற்காததால் அவளுக்குக் 'காத்தாடி' என்று பெயர். வைத்தது பையக்காதான்.

எடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ், "கோட்டக் கழட்டும்மா" என்றாள்.

காத்தாடி பள்ளிக்கூடக் கோட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். சர்ர்ர்ரென்று சத்தம். கோட்டு திறந்துவிட்டது. பொத்தான் ஐந்தும் போட்டது போட்டபடி ஒரு பக்கமாகத் தொங்கின.

பக்கத்து நாற்காலியில் இன்னொரு பிள்ளைக்கு மணி கோக்கக் கொடுத்துக்கொண்டிருந்த பையக்கா தலையைத் தூக்கினாள்.

"தங்கச்சி, இதென்ன வித்தை?"

தையல்காரி முகத்தில் பெருமை. "நானே தெச்சதுக்கா. மேல பொத்தான் சும்மா அழகுக்கு. அடியில பூரா ஒட்டுப்பட்டை, வெல்க்ரோங்கறாங்களே அது. ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது. தையல்காரி பொண்ணா பொறந்ததுக்கு இந்த வசதிகூட இல்லன்னா எப்படி?"

"எத்தன சட்டையில இப்படி?"

"எல்லாத்துலயும்தான். ஸ்கர்ட்டுக்கு எலாஸ்டிக். ஷூவும் ஒட்டுற ஷூ. இவ பொத்தானப் போட்டு முடிக்கறதுக்குள்ள ஸ்கூல் பஸ் ஊரையே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடும்க்கா."

"எப்பலேர்ந்து?"

"ஸ்கூல்ல சேத்ததுலேர்ந்தே."

பையக்கா எழுந்து வந்து கோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒரு தையல்கூட வெளியே தெரியாத நேர்த்தி. பெற்றவள் அவ்வளவு அழகாக மறைத்திருந்தாள், மறைக்கிறோம் என்பதே தெரியாமல்.

"எழுத்து எப்படி இருக்கு?"

கேட்டதுதான் தாமதம், தையல்காரி பெருமையெல்லாம் வடிந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அதாங்க்கா இப்ப தலவலியே. முன்னாடி ஓடிக்கிட்டே இருந்தா, எழுதலன்னு யாரும் கண்டுக்கல. இப்ப மாத்திரைல அடங்கி உக்கார்றா. உக்காந்துக்கிட்டு எழுத மாட்டேங்கறா. நோட்டு பூரா வெள்ள. க்ளாஸ் டீச்சர் திமிருங்கறாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் புத்தி பத்தலங்கறாங்க. வர்ற வெள்ளிக்கிழம கூட்டம் வெச்சிருக்காங்க. அன்னிக்கே கையெழுத்து வாங்கி, பாடம் எதுவும் ஏறாத பிள்ளைங்களுக்குன்னு இருக்குல்ல, அந்தத் தனி ஸ்கூலுக்கு மாத்திடுவாங்களாம்."

காத்தாடி எடை மெஷின் மேல் ஏறி இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள். "அங்க பெரிய ஊஞ்சல் இருக்காம் பையக்கா. ஆனா என் ஃப்ரெண்டு வர மாட்டா."

தையல்காரி போன பிறகு பையக்கா ரெக்கார்டு அறைக்குப் போய் மஞ்சள் டிராயரைத் திறந்தாள். காத்தாடியின் ஃபைல் கனமாக இருந்தது, எல்லாம் மஞ்சள். முதல் பக்கம் மூன்று வருஷப் பழசு. 'கோட்டைத் தாண்டியது. நிறுத்தப்பட்டது.' கீழே கையெழுத்து.

கையெழுத்து அவளுடையது.

அன்றைக்குப் பதினாலு பிள்ளைகள். இவள் பதின்மூன்றாவது. பந்தை எடுக்கவே இல்லை. 'பொத்தான் தானே போட்டுக்கொள்கிறாளா?' ரோஸ் தாளில் ஆறாவது கேள்வி அது. கேட்டிருந்தால் பெற்றவள் அன்றைக்கே இதே பெருமையோடு ஒட்டுப்பட்டையைக் காட்டியிருப்பாள்.

சாயங்காலம் வீட்டில் அவள் புருஷன் மின்விசிறியைப் பிரித்துத் தரை முழுவதும் பரப்பி வைத்திருந்தார். எலக்ட்ரீஷியன். ஊர் விசிறியெல்லாம் சுற்றும், சொந்த வீட்டு விசிறி மட்டும் வருஷத்தில் பாதி நாள் தரையில் கிடக்கும்.

"என்ன, மூஞ்சி ட்ரிப்பாகி நிக்குது?"

சொன்னாள். அவர் ஸ்க்ரூடிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஃப்யூஸ் போயிருந்துது. மாத்தினேன். அப்பவும் லைட் எரியல. உள்ள ஒயரும் அறுந்திருக்கு. ரெண்டும் சேந்து போகாதுன்னு சட்டமா என்ன?"

"அதான் நானும் சொல்றேன்."

"இரு. அந்த வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? 'ஃப்யூஸுதான் மாத்தியாச்சே, அப்புறமும் எரியலன்னா பல்புக்குத் திமிரு'ன்னார்."

"பொய் சொல்லாதீங்க. எவனும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்."

"பல்பப் பத்தி எவனும் சொல்ல மாட்டான். பிள்ளையப் பத்தின்னா சொல்லுவான்."

அவள் கால் பட்டு ஒரு நட்டு உருண்டு அலமாரிக்கு அடியில் போயிற்று. இரண்டு பேரும் அதைத் தேடினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் ரெக்கார்டு அறை வாசலில் நின்றாள்.

"அண்ணே, காத்தாடி பேர்ல ஒரு ரோஸ் ஃபைல் போடணும்."

டிராயரண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அது மஞ்சப் பிள்ளையாச்சே."

"ரோஸும் இருக்கும்னு தோணுது."

"தோணட்டும். மஞ்சள மூடினாத்தான் ரோஸத் திறக்க முடியும். மூடிரவா?"

"மூடினா மாத்திரை நின்னு போயிடுமே!"

"அப்ப ரோஸு கிடையாது. ஒரு பிள்ளைக்கு ரெண்டு ஃபைல் போட்டா வருஷக் கணக்குல பிள்ளை ரெண்டாயிடும் தங்கச்சி. அந்த இன்னொரு பிள்ளை எங்கன்னு மேலதிகாரி கேட்டா, உன் பையிலேர்ந்தா எடுத்துக் காட்டுவே?"

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு கஷ்டம் இருக்கக் கூடாதாண்ணே?"

"இருக்கட்டும், வேணாம்னா சொன்னேன்? வரிசையா வரச் சொல்லு." பிறகு கொஞ்சம் தணிந்து, "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ஒரு தாள்ல தெரிஞ்சுபோச்சுல்ல, அப்புறம் எதுக்கு மத்தது?"

"அது பானைக்கு. ஒரே அடுப்பு, ஒரே அரிசி. இது பிள்ளையண்ணே. ஒரு பக்கம் வெந்திருக்கும், ஒரு பக்கம் ஊறக்கூட ஆரம்பிச்சிருக்காது."

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. டாக்டரம்மா கையெழுத்து வேணும்."

டாக்டரம்மா அன்றைக்கு வெளியூரில் இருந்தார். புதன்கிழமை காலைதான் வருவார். பையக்கா தையல்காரிக்குப் போன் செய்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காத்தாடியைக் கூட்டிக்கொண்டு அவள் வந்துவிட்டாள். ஃபைல் இல்லை, டோக்கன் இல்லை, அறையும் இல்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில், ஒரு காலத்தில் அவளே கூட்டிப் பெருக்கிய தரையில், பையைக் கவிழ்த்தாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எந்தப் பிள்ளையிடமும் 'இதைச் செய்' என்று சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. மணிகளைத் தன் மடியில் வைத்துக் கோக்க ஆரம்பித்தாள். காத்தாடி வந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் வயதுப் பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் பத்து மணி கோப்பார்கள். காத்தாடி நாக்கைத் துருத்தி, தோளை உயர்த்தி, மூச்சை அடக்கி, மூன்று கோத்தாள். தரைக் கற்களின் இணைப்புக் கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட பையக்கா நடக்க, பின்னாலேயே வந்த காத்தாடி நாலாவது அடியில் சுவரைப் பிடித்தாள். பந்தைப் போட்டால் அது தரையில் விழுந்து உருண்ட பிறகு இரண்டு கையையும் விரித்து, "இப்பப் போடுங்க பையக்கா, நான் ரெடி" என்றாள். பொத்தான் பட்டையில் ஒரு பொத்தான் போட்டுவிட்டு இரண்டாவதில் மாட்டிக்கொண்டாள்.

"எழுதறது உனக்குப் பிடிக்காதா கண்ணு?"

"எனக்குப் பிடிக்கும். கைக்குத்தான் பிடிக்கல."

பையக்கா அதைத் தாளின் ஓரத்தில் அப்படியே எழுதிக்கொண்டாள். அங்கே நிறுத்தவில்லை. பச்சைத் தாளையும் எடுத்தாள். காத்தாடி படித்தாள், வேகமாக, அவ்வப்போது ஒரு வரியைத் தாண்டிக் குதித்து, ஆனால் வயதுக்குக் குறையாமல். நீலத் தாளையும் முடித்தாள். பச்சை, நீலம் இரண்டிலும் கோட்டுக்கு வெகு கீழே. ரோஸ் தாளில் கோட்டைத் தாண்டியது மட்டும் இல்லை, கோடு எங்கோ பின்னால் நின்றது.

தூணுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். சாப்பாட்டு டப்பாவோடு டிராயரண்ணன். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"பந்து விழுந்தப்புறம் கைய நீட்டுது" என்றார்.

"பாத்தீங்களா?"

"நான் ஒண்ணும் பாக்கல. சாப்பிடப் போறேன்." போய்விட்டார்.

புதன்கிழமை காலை டாக்டரம்மா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அதற்குள் பையக்கா நான்கு தாளையும் மேசையில் வைத்தாள்.

"டாக்டரம்மா, மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பிள்ளைய நான் பாதியில நிறுத்திட்டேன்."

டாக்டரம்மா தாள்களைப் படித்தார். மஞ்சளை, ரோஸை, ஓரத்தில் இருந்த வரியை. அந்த வரியை இரண்டு தடவை படித்தார் என்பது கண் போன விதத்தில் தெரிந்தது.

"நீ நிறுத்தல. நான் நிறுத்தச் சொன்னேன்."

"சொன்னது நீங்க. பந்த எடுக்காதது என் கைதானே."

"யார் பெரிய தப்பு பண்ணினாங்கன்னு ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போட்டுக்கலாம். வெள்ளிக்கிழமைன்னா நடுவுல ஒரு நாள்தான் இருக்கு." கைப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்டுக்கு அங்கேயே போன் போட்டார். அன்றைக்கு மத்தியானமே அவரும் தெரபிஸ்டும் சேர்ந்து காத்தாடியை இரண்டு மணி நேரம் சோதித்தார்கள். மஞ்சள் உண்மைதான், ரோஸும் உண்மைதான் என்று முடிவாயிற்று. மாத்திரை கவனத்தைக் கட்டிப்போடும், விரலுக்கு அது ஒன்றும் செய்யாது. விரலுக்கு வேறு வைத்தியம்.

டிராயரண்ணன் கூப்பிடப்பட்டார். டாக்டரம்மா ரோஸ் தாளை மஞ்சள் ஃபைலுக்குள் வைத்து ஸ்டேப்ளரால் இரண்டு அடி அடித்தார்.

"இத எந்த டிராயர்ல வெக்கிறது?" டிராயரண்ணன் ஃபைலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இப்போதைக்கு என் மேசை மேல."

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவுக்கு வேறொரு ஊரில் முகாம் இருந்தது. சோதனையில் தெரிந்ததை எழுதி ஒரு கடிதம் கொடுத்துப் பையக்காவை அனுப்பினார். பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் ஹெட்மிஸ்ட்ரஸ், க்ளாஸ் டீச்சர், தையல்காரி, காத்தாடி. மேசையில் ஆறு நோட்டுகள் விரிந்து கிடந்தன, எல்லாம் வெள்ளை. பக்கத்தில் மாற்றல் விண்ணப்பம், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

ஹெட்மிஸ்ட்ரஸ் கொடுமைக்காரி இல்லை. களைத்துப்போனவர். கடிதத்தைப் படித்துவிட்டு, "போன வருஷம் ஒண்ணு சொன்னீங்க, இந்த வருஷம் ஒண்ணு சொல்றீங்க. அடுத்த வருஷத்துக்கு என்ன வெச்சிருக்கீங்க?" என்றார்.

"ரெண்டும் அப்பவே இருந்ததுங்க. எங்களுக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது. தப்பு எங்களோடது."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

"இந்த வாரம் என்ன பாடம் நடத்தினீங்க டீச்சர்?" என்று பையக்கா கேட்டாள்.

"மழை எப்படி வருதுன்னு. இவளுக்கு ஒண்ணும் ஏறியிருக்காது."

காத்தாடி நாற்காலியில் ஆடிக்கொண்டே ஆரம்பித்தாள். தண்ணீர் சூடாகி மேலே போவது, குளிர்ந்து மேகமாவது, மேகத்துக்குக் கனம் தாங்காமல் கொட்டுவது. நடுவில் ஆவிக்குத் திரும்பிப் போனாள், ஏனென்றால் அவள் அம்மாவின் இஸ்திரிப்பெட்டியிலும் அது உண்டு. டீச்சர் சொன்ன உதாரணத்தை விட்டுவிட்டுத் தன் உதாரணத்தைச் சொன்னாள். க்ளாஸ் டீச்சர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இப்ப அதுல ஒரு வரி எழுது கண்ணு. 'மேகம் குளிர்ந்து மழையாகப் பெய்கிறது.' இது போதும்." ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் கடிகாரத்தப் பாருங்க. எவ்வளவு நேரமானாலும் நடுவுல யாரும் பேச வேணாம்" என்றாள்.

காத்தாடி பென்சிலைப் பிடித்தாள். பிடித்த பிடியில் விரல்நுனி வெளுத்தது. 'மே' எழுதுவதற்குள் தாள் இரண்டு தடவை நழுவியது. அழித்தாள். அழித்த இடம் கிழிந்தது. 'கு'வில் முனை உடைந்தது. தையல்காரி எழுந்திருக்கப் பார்த்தாள், பையக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மூன்று நிமிஷம். ஐந்து. க்ளாஸ் டீச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். காத்தாடியின் மூக்கு நுனியில் வியர்வை. ஏழாவது நிமிஷம் வெளியே மணி அடித்தது, பிள்ளைகள் இரைச்சலோடு ஓடினார்கள். எதற்கெடுத்தாலும் ஓடுகிற காத்தாடி ஜன்னல் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

பதினோரு நிமிஷம், நான்கு வார்த்தை. கோழி கிளறிய மாதிரி இருந்தது. ஆனால் எழுதியிருந்தாள். கடைசியில் முற்றுப்புள்ளியும் வைத்தாள், தாள் ஓட்டையாகிற அளவுக்கு அழுத்தி.

இந்தப் பெண் ஒரு வரி எழுதி முடிக்கிறவரை அவளை உட்கார்ந்து பார்த்தவர்கள் அதுவரை உலகத்திலேயே யாரும் இல்லை.

"இதையா நான் திமிருன்னேன்" என்றாள் க்ளாஸ் டீச்சர். யாரிடமும் சொல்லவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் மாற்றல் விண்ணப்பத்தை எடுத்தார். கிழித்தெறிவார் என்று தையல்காரி நினைத்தாள். அவர் காகிதத்தை வீணாக்குகிறவர் இல்லை. திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். "சொல்லுங்க. என்னென்ன செய்யணும்?"

"கெட்டிப் பென்சில், அகலக் கோடு போட்ட தாள். போர்டுல எழுதினத காப்பி பண்ணச் சொல்ல வேணாம். பாடம், பரீட்சை ரெண்டும் வாயால சொல்லட்டும். வாரத்துல ரெண்டு நாள் எங்ககிட்ட கைப் பயிற்சிக்கு அனுப்புங்க."

"பரீட்சைக்கு மேலிடத்துல கேக்கணும்."

"டாக்டரம்மா கடிதம் தருவாங்க."

"தரட்டும். கேக்கணும்னுதான் சொன்னேன், கிடைக்காதுன்னா சொன்னேன்?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "பிள்ளை இங்கயே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் தையல்காரி சுவரில் சாய்ந்து கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். "நான்தான்க்கா மறைச்சிட்டேன். அந்தப் பட்டைய நான் தெச்சிருக்கலன்னா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

"நீ தெச்சதாலதான் தெரிஞ்சுது. அந்தச் சத்தம் கேக்கலன்னா நான் தலையத் தூக்கியிருக்கவே மாட்டேன். போ, பஸ் வந்துடும்."

அதற்கப்புறம் பையக்கா சும்மா இருப்பாளா? காத்தாடி ஒருத்திதானா அந்த டிராயரில் இருந்தாள்? மஞ்சள் டிராயரில் மட்டும் நூற்று நாற்பத்திரண்டு ஃபைல். ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளை என்று, மூன்று மாதம், விட்டுப்போன தாள்களை எல்லாம் பூர்த்தி செய்தாள். அறுபத்தொரு பிள்ளைகளுக்கு இரண்டாவது நிறம் வந்தது. பதினேழு பேருக்கு மூன்றாவதும். மருந்து கேட்கவில்லை, சொன்ன பேச்சு கேட்கவில்லை, பயிற்சி பலிக்கவில்லை என்று எழுதி வைத்திருந்த பிள்ளைகள்தான் பெரும்பாலும். டாக்டரம்மா அந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, பதினோரு வருஷத்துக்கு முன்னால் தானே கையெழுத்துப் போட்ட விதியைத் தானே சிவப்பு மையால் அடித்தார். இனிமேல் நான்கு தாளும் சேர்த்துத்தான் தைக்கப்படும், எவரும் பிரிக்கக்கூடாது. வரிசை நீளுமே என்று கேட்டவர்களிடம், "நீளட்டும். பாதி பார்த்த பிள்ளைங்க எல்லாரும் திரும்பத் திரும்ப வந்துதானே இந்த வரிசையே இவ்வளவு நீளமாச்சு" என்றார். இன்னொரு சல்லடைக்காரியையும் வேலைக்குச் சேர்த்தார்.

டிராயரண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை பையக்கா வந்தபோது அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று அலமாரியின் நிறத் தகடுகளைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூடிரைவர் அவள் புருஷனுடையது. எப்போது போய் வாங்கினாரோ.

"இனிமே பேரு வரிசை" என்றார், அவள் கேட்காமலே. "ஃபைல் முதுகுல பொட்டு. எத்தன நிறமோ அத்தன பொட்டு. ஒரு பார்வையில தெரியும். இது ரொம்ப நாளா என் மனசுல இருந்த யோசனை."

"ஆமாண்ணே. நீங்க சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது."

"கிண்டலு?"

"சே சே."

ஆறு மாதம் கழித்து ஒரு காலை, காத்திருக்கிற கூடம் நிரம்பியிருந்தது. காத்தாடியும் தையல்காரியும் வந்தார்கள். எடை மெஷினுக்குப் பக்கத்தில் நர்ஸ், "கோட்டக் கழட்டும்மா" என்றாள். சர்ர்ர்ரென்று சத்தம் வந்தது, பாதியில் நின்றது. மேல் பொத்தான் திறக்கவில்லை. அது நிஜப் பொத்தான். காத்தாடி அதைக் கழற்றி எடை பார்த்தாள், திரும்பக் கோட்டைப் போட்டாள். போட்டுவிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, அந்தப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க ஆரம்பித்தாள்.

நர்ஸ் அடுத்த பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்தாள். ரெக்கார்டு அறை வாசலிலிருந்து டிராயரண்ணன், "இரும்மா, என்ன ரயிலா போயிடப் போகுது?" என்று அதட்டினார். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள், மேசைக்கு அடியில் கட்டை தள்ளிய அன்றைக்குப் பார்த்த மாதிரி. கூடத்தில் இருந்த பெற்றவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு தடவை பொத்தான் துளையின் ஓரம் வரை வந்து வழுக்கியது. மூன்றாம் தடவை உள்ளே போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"ஒண்ணே முக்கா நிமிஷம்!" என்று டிராயரண்ணன் கத்தினார். "போன தடவ மூணே கால்!"

போன தடவையும் அவர் கடிகாரம் பார்த்தார் என்பது எல்லோருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

காத்தாடி கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள். இரண்டாவது பொத்தானைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். அதற்கு அடியில் இன்னும் ஒட்டுப்பட்டை.

"அம்மா, இதையும் நிஜமாக்கு."

"வீட்டுக்குப் போய்ச் செய்யறேண்டி."

"இப்ப."

தையல்காரி பையக்காவைப் பார்த்தாள். பையக்கா தோளைக் குலுக்கினாள். தையல்காரி கைப்பையில் எப்போதும் இருக்கிற சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, கூடத்தின் நடுவில் மண்டி போட்டு உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் நேர்த்தியாகத் தைத்த அந்தத் தையலை, எல்லோரும் பார்க்க, ஒவ்வொன்றாக வெட்டினாள்.